சொகுசுக் காரும் குடும்பக் கணக்கும்

சென்ற ஞாயிறு மாலை பாலையூற்றில் நமது அயல்வீடொன்றில் ஒரு குடும்ப ஆலோசனை நடைபெற்றது. தேநீர் அருந்தச் சென்ற நாமும் அதில் சபையினராக்கப்பட்டோம். வீட்டின் மூத்த மகன் உத்தியோகத்தில் உயர்ந்திருக்கிறான். உயர்ந்தவனுக்கு ஏற்றதொரு சொகுசுக் கார் வேண்டுமாம். முழுப் பணமும் கொடுத்து வாங்குவதென்றால் பரம்பரைக் காணியை விற்கவேண்டும். 'லீசிங்' முறையில் எடுப்பதென்றால் தந்தையாரின் ஓய்வுக்காலச் சேமிப்பு முற்பணமாகப் போய்விடும். அதே சேமிப்பைத்தான் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் இளைய மகளின் மேற்படிப்புக்கும் நம்பியிருக்கிறார்கள்.

கனடாவிலிருந்து தொலைபேசியில் மாமா தீர்ப்பு வழங்கினார். "லீஸ்தான் புத்தி. மூன்று வருஷம் ஓடிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்!" என்றார்.

அவர் கூறியது அவர் வாழும் நாட்டுக்கு மெய்யே. அங்கே விலை உயர்ந்த கார் முதல் சில ஆண்டுகளிலேயே மதிப்பில் வெகுவாக இறங்கிவிடும். அவ்வாறு இறங்கும் மதிப்பையும் அதற்கான வட்டியையும் மாதந்தோறும் கட்டி, தவணை முடிந்ததும் காரைத் திருப்பி ஒப்படைப்பதே அங்குள்ள வழக்கம். நம் நாட்டில் சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. இங்கே லீசிங் என்பது பெரும்பாலும் காரைச் சொந்தமாக்கிக் கொள்வதற்கு எடுக்கும் கடனேயாகும்.

இவ்வளவில் இளைய மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, அந்த ஐந்து வருஷமும் கார் யாருடைய பெயரில் இருக்கும்?"

சபை மௌனமாயிற்று. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களை ஆளுகின்றது. வாகனம் நிதி நிறுவனத்துக்குரியது. பாவிக்கும் உரிமை மட்டுமே நமக்குரியது. கடைசித் தவணையும் கட்டித் தீர்ந்த பின்னரே முழு உரிமை நம் கைக்கு வரும். இடையில் தவணை தவறினால் வாகனத்தை மீட்டுச் செல்ல நிறுவனத்துக்கு வழியுண்டு. முற்பணமாகக் கொடுத்த சேமிப்பு அப்போது நமக்குத் துணை நிற்பதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். உதாரணமாக, காரின் விலை 200 இலட்சம் ரூபா என்று கொள்வோம். பாதி முற்பணம், மீதி 100 இலட்சம் ஐந்தாண்டுக் கடன். குறைந்துவரும் மீதிக்கு மட்டும் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி என்றால், மாதத் தவணை ஏறத்தாழ 222,400 ரூபா. மொத்த வட்டி சுமார் 33½ இலட்சம். மற்றொருவர் வந்து, "நாங்கள் நூற்றுக்கு 8 மட்டுமே எடுக்கிறோம்" என்பார். ஆனால் அவர் அந்த எட்டை, கடன் குறையக் குறையக் குறைக்காமல், முதலில் எடுத்த முழுத் தொகைக்கும் ஐந்தாண்டும் கணக்கிட்டால், வட்டி 40 இலட்சமாகிவிடும். எட்டு பன்னிரண்டைவிடப் பெரிதாகும் விந்தை இதுவே! ஆகவே வட்டி வீதத்தை மட்டும் கேட்டுத் திருப்தியடையலாகாது; கட்டி முடிக்கும் மொத்தத் தொகை என்ன என்று கேட்கவேண்டும்.

அப்படியானால் ரொக்கமாக வாங்குவதே மேலா? அதற்கும் மறைவான விலை உண்டு. அந்த 200 இலட்சத்தை வைப்பிலிட்டு ஆண்டுக்கு நூற்றுக்கு 8 கிடைக்குமானால் வருமானம் 16 இலட்சம். கார் கொட்டகையில் சும்மா நின்றாலும் நாளொன்றுக்கு நாலாயிரம் ரூபாவுக்கு மேல் இழக்கிறோம் என்பதே அதன் பொருள். தன் முதலைத் தொழிலில் இட்டு, லீசிங் வட்டியைவிடக் கூடுதலாக ஈட்டும் வியாபாரிக்கு லீசிங் தகும். சம்பளக்காரருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

"கார் வாங்கினால் நட்டம் வராது, விலை ஏறிக்கொண்டுதான் போகும்" என்றார் தந்தையார். இந்நம்பிக்கை நம் நாட்டில் ஆழ வேரூன்றியுள்ளது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பழைய கார்களும் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றன. அது காரின் மகிமையன்று, தட்டுப்பாட்டின் மகிமை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. தீர்வைகளும் சொகுசு வரியும் சேர்ந்து இன்றும் விலையை உயர்த்தி நிற்கின்றன என்பது உண்மையே. ஆனால் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஏறிய மதிப்பு, மற்றொரு வர்த்தமானி அறிவித்தலால் இறங்கவும் கூடுமன்றோ?

2022ஆம் ஆண்டை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் நூற்றுக்கு 7 புள்ளிகளால் உயர்த்தியது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 70ஐ நெருங்கிற்று. சீனன்குடாவின் பெரும் எண்ணெய்க் குதங்களை அயலில் வைத்துக்கொண்டு, நாம் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அவ்வரிசையில் சொகுசுக் காரும் முச்சக்கர வண்டியும் சரிசமானமாய் நின்றன. அரிசி விலை ஏறியது. சம்பளம் அவ்வாறு ஏறவில்லை. அப்படியொரு காலத்திலும் தவணை கட்ட இயலுமா என்பதே உண்மையான பரீட்சை.

வாங்குவதா, லீசிங் எடுப்பதா என்று கேட்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண்பது நலம். கட்டி முடிக்கும் மொத்தத் தொகை எவ்வளவு? காப்புறுதி, திருத்தவேலை, எரிபொருள் ஆகியனவும் சேர்ந்தால் மாதச் செலவு எவ்வளவு? ஆறு மாதம் வருமானம் நின்றால் தவணையை எதிலிருந்து கட்டுவோம்? மூன்றாவது வினாவுக்கு 'காணியிலிருந்து' அல்லது 'தங்கையின் படிப்புப் பணத்திலிருந்து' என்பது விடையானால், அந்தக் காரின் விலை அக்குடும்பத்துக்கு எட்டாத விலையே. சிறியதொரு கார் வாங்குவதில் எவ்வித மானக்கேடும் இல்லை.

நாம் விடைபெற்றபோது முடிவு எட்டப்பட்டிருக்கவில்லை. ஆனால் மேசையிலிருந்த காரின் வண்ணப் படங்கள் ஒருபுறம் ஒதுக்கப்பட்டிருந்தன. தங்கை அப்பியாசக் கொப்பியின் நடுத்தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுக்க, அண்ணன் குனிந்து கணக்கெழுதத் தொடங்கியிருந்தான்.