எண்ணெய் வற்றிய எஞ்சின் சொல்லும் சேதி

வெல்லவாயவிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் மலைப்பாதையும், பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கம் செல்லும் பாதைகளும் மோட்டார் வண்டிகளுக்குக் கடும் சோதனையாகும். எஞ்சினின் அடித்தொட்டியில் எண்ணெய் குறைந்திருப்பின், ஏற்றத்தில் அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். பேரிங்குகளைக் காக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் மோதும். அப்பொழுது எழுவதே 'கடகட' என்னும் ஓசை.

அவ்வோசை கேட்டதும் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துக. சில நிமிடம் பொறுத்து, அளவுகோலைத் துடைத்து மறுபடி இட்டுப் பார்த்து, குறைந்த எண்ணெயை நிரப்புக. பின்னர் எஞ்சினைச் சிறிது நேரம் மட்டும் இயக்கிச் செவிமடுக்க வேண்டும். மேற்பகுதியில், வால்வுப் பக்கம் எழுந்த 'டிக் டிக்' ஒலி அடங்கி, எண்ணெய் அழுத்த விளக்கும் அணைந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. ஆயினும் எண்ணெய் கசிந்ததா, புகையாய் எரிந்ததா என்று கராஜில் காட்டி அறிதல் வேண்டும்.

அடியிலிருந்து 'டொக் டொக்' எனக் கனத்த ஒலி எழுந்து, வேகத்தோடு வளருமாயின், பிஸ்டனைத் தாங்கும் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். எண்ணெய் அதற்கு மருந்தாகாது. பழைய பெற்றோல் வண்டியாயின், மெக்கானிக் ஒவ்வொரு பிளக்காகச் செயலிழக்கச் செய்து பார்ப்பார். எதனை நிறுத்தும்போது ஒலி தணிகிறதோ, அந்தச் சிலிண்டரிலேதான் பழுது.

தோட்டத்திலிருந்து நோயாளியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் வேளையில், 'இன்னும் கொஞ்சத் தூரந்தானே' என்று ஓட்டத் தோன்றும். அந்தக் கொஞ்சத் தூரத்தில் கிராங் தண்டும் பழுதாகி, நோயாளி நடுவழியில் நிற்க நேரலாம். வேறு வண்டிக்கு ஆளனுப்புவதே விவேகம். ஏற்றப் பயணம் புறப்படுமுன் அளவுகோலைப் பார்த்துக்கொண்டால் இந்த இக்கட்டே நேராது.