உறங்காத உடல் இளைக்குமா?



உங்கள் வகுப்பில் யாரேனும் ஒருவர் இந்த மாதம் உடல் எடையைக் குறைப்பதென்று தீர்மானம் செய்திருப்பார். அது நீங்களாகவும் இருக்கலாம். இத்தகைய தீர்மானங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. காலையில் சிற்றுண்டி கிடையாது. மத்தியானம் சோற்றில் பாதி. இரவில் இரண்டு சப்பாத்தி, அதுவும் எண்ணெய் தொடாமல். இதற்கிடையில் பொதுத்தேர்வும் நெருங்குகிறது. ஆகவே இரவு 11.30 மணி வரை படிப்பு, விடியற்காலை 4.30 மணிக்கு எழுந்து மறுபடியும் படிப்பு.

இந்தத் திட்டத்தில் சாப்பாட்டுக் கணக்கை எல்லோரும் பார்க்கிறார்கள். தூக்கக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. 11.30-க்கும் 4.30-க்கும் நடுவில் இருப்பது வெறும் 5 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. நம் மாணவரின் கணக்கில் குறைந்தது 3 மணி நேரம் பற்றாக்குறை!

தூக்கத்தை வெட்டிவிட்டு எடையைக் குறைக்க முயல்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம் என்பது என் கருத்து. எடை குறைய விரும்பும் மாணவரிடம், 'என்ன சாப்பிடுகிறாய்?' என்று கேட்பதற்கு முன்னால், 'எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?' என்று கேட்க வேண்டும். இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. சோதனைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெடெல்ச்சேவா, பெனெவ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2010-ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். எடை சற்று மிகுந்திருந்த 10 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களை 14 நாட்கள் ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்து, அளவு குறைத்த உணவைக் கொடுத்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 1,450 கலோரி. படுக்கையில் இருக்க இரவுக்கு 8½ மணி நேரம் அனுமதித்தார்கள். சில மாதங்கள் கழித்து அதே மனிதர்கள் மறுபடியும் வந்தார்கள். அதே அளவு உணவு, அதே 14 நாட்கள். ஆனால் இம்முறை படுக்கைக்கு 5½ மணி நேரம் மட்டுமே. (சிலருக்கு இந்த வரிசை மாற்றி அமைக்கப்பட்டது.) ஒரே மனிதர் தமக்குத் தாமே ஒப்பீடாக அமைவதால், 'அவர் உடல்வாகு வேறு, இவர் உடல்வாகு வேறு' என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை.

முடிவு என்ன தெரியுமா? இரண்டு தடவையும் எடை சுமார் 3 கிலோ குறைந்தது. தராசு முள்ளை மட்டும் பார்த்தால் தூக்கத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை! ஆனால் எடையில் எந்தப் பகுதி குறைந்தது என்று அளந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. நன்றாகத் தூங்கிய 14 நாட்களில் குறைந்த கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் வெட்டப்பட்ட 14 நாட்களில் குறைந்த கொழுப்பு 0.6 கிலோ மட்டுமே. மீதி எல்லாம் கொழுப்பல்லாத பகுதி. அதாவது தசைப் புரதம், சேமிப்பு மாவுச்சத்து, நீர் ஆகியவை. நன்றாகத் தூங்கியபோது இவற்றில் இழப்பு 1.5 கிலோ, தூக்கம் குறைந்தபோது 2.4 கிலோ. எதைக் கரைக்க ஆசைப்பட்டார்களோ அது உட்கார்ந்துகொண்டது. எதைக் காப்பாற்ற வேண்டுமோ அது போய்விட்டது.

உடல் கொழுப்பை எரிக்கிறதா, மாவுப்பொருளை எரிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இது உங்கள் வேதியியல் பாடத்துக்குள்ளேயே அடங்கியதுதான். ஒரு மூலக்கூறு குளுக்கோஸை எரிக்க 6 மூலக்கூறு ஆக்சிஜன் செலவாகிறது. 6 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. ஆறுக்கு ஆறு, விகிதம் 1. கொழுப்பிலோ ஆக்சிஜன் அணுக்கள் மிகக் குறைவு. அதை எரிக்க வெளியிலிருந்து அதிக ஆக்சிஜன் தேவை. ஆகவே அதன் விகிதம் சுமார் 0.7 தான். இதைச் சுவாச ஈவு என்பார்கள். மூச்சுக் காற்றை அளந்தாலே உள்ளே எந்த விறகு எரிகிறது என்று தெரிந்துவிடும்! சிகாகோ சோதனையில் தூக்கம் குறைந்த நாட்களில் இந்த எண் உயர்ந்திருந்தது. உடல் கொழுப்பைத் தொடாமல் சேமித்து வைத்தது என்பதற்கு அது ஒரு சாட்சி.

அந்தப் பத்துப் பேரும் நடுவயதினர். உங்கள் வயதினர் அல்லர். பத்துப் பேர் என்பதும் சிறிய எண்ணிக்கைதான். இதை மறந்துவிட்டு, 'விஞ்ஞானம் முடிவாக நிரூபித்துவிட்டது' என்று யாராவது முழங்கினால் நம்பாதீர்கள். ஆனால் வளரும் பருவத்தில் இருக்கும் உங்களுக்கு இச்சோதனை கூடுதலான கவலையைத் தர வேண்டும் என்றே நினைக்கிறேன். தசையும் எலும்பும் சேர வேண்டிய வயது உங்களுடையது. வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது இரவின் முதற்பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தின்போதுதான்.

சிகாகோ சோதனையில் உணவு அளந்து கொடுக்கப்பட்டது. நம் வீட்டில் அளந்து கொடுப்பார் யார்? சமையலறையில் முறுக்கு டப்பா இருக்கிறது. தெருமுனையில் பஜ்ஜிக் கடை இருக்கிறது. அங்கே வேறொரு விளையாட்டு தொடங்குகிறது.

நம் இரத்தத்தில் பசியைப் பற்றிச் செய்தி சொல்லும் இரண்டு தூதர்கள் உண்டு. ஒன்று லெப்டின். கொழுப்புத் திசுக்களில் சுரந்து, 'சேமிப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்வது. நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் 1994-இல் இதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மற்றொன்று கிரெலின். வயிற்றில் சுரந்து, 'பசிக்கிறது, ஏதாவது கொடு' என்று கேட்பது. இதை 1999-இல் கண்டறிந்தவர்கள் ஜப்பானியரான கோஜிமா, கங்காவா ஆகியோரின் குழுவினர். 2004-இல் சிகாகோவில் ஸ்பீகல், வான் காட்டர் ஆகியோர் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரமும், வேறு இரண்டு இரவுகள் 10 மணி நேரமும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கம் குறைந்தபோது லெப்டின் 18 சதவீதம் தாழ்ந்தது. கிரெலின் 28 சதவீதம் உயர்ந்தது. இளைஞர்கள் சொன்ன பசியின் அளவு 24 சதவீதம் கூடியது. அவர்கள் மனம் எதை நாடியது? கீரையையும் வெள்ளரிக்காயையுமா? இனிப்பையும், உப்புத் தின்பண்டங்களையும், மாவுப் பண்டங்களையுந்தான்.

லெப்டின் விஷயத்தில் பின்னர் வந்த சோதனைகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் தூக்கம் குறைந்தவர்கள் அதிகம் உண்கிறார்கள் என்பதில் பெரும்பாலானவை ஒத்துப்போகின்றன. இதைத் தலைகீழாகத் திருப்பியும் ஒரு சோதனை நடந்தது. இரவில் 6½ மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கி வந்த, எடை மிகுந்த 80 பேரை எஸ்ரா தசாலி குழுவினர் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பாதியினருக்கு நன்றாகத் தூங்குவதற்கான ஆலோசனை மட்டும் கூறினார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்கள் தத்தம் வீடுகளிலேயே இருந்தார்கள். தூக்கம் சராசரியாக 1.2 மணி நேரம் கூடியது. மற்ற பாதியினரோடு ஒப்பிட்டால் அவர்கள் உட்கொண்ட உணவு நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைந்தது. நம் கணக்கில் நான்கைந்து இட்லி! 2022-இல் வெளிவந்த இந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஏனென்றால் அங்கே யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டினி கிடக்கவில்லை.

ஆகவே இரவு பதினொரு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறக்கும் மாணவரை, 'மன உறுதி இல்லாதவன்' என்று ஏசுவது நியாயமன்று. தூக்கமிழந்த உடல் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

இனி, மன இறுக்கத்துக்கு வருவோம். தேர்வு, மதிப்பெண், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு. இவை உங்களுக்குப் புதியவை அல்ல. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இத்தகைய வேளைகளில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை அதிகம் சுரக்கின்றன. கார்ட்டிசால் கெட்டதல்ல. காலையில் நம்மை எழுப்பி உட்கார வைப்பதில் அதற்குப் பங்குண்டு. இயல்பாக அது விடியற்காலையில் உயர்ந்து, நள்ளிரவை ஒட்டித் தாழ்ந்துவிடும். தாழ வேண்டிய நேரத்தில் தாழாமல் இருப்பதுதான் தொல்லை. தூக்கம் பறிபோன நாட்களில் மாலை நேரத்துக் கார்ட்டிசால் உயர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கார்ட்டிசால் நெடுநாள் மிக அதிகமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் நோயே உதாரணம். அந்நோயாளிகளின் முகம் உருண்டு, வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, கைகால்கள் மெலிந்துவிடும். தேர்வுப் பயத்தில் கார்ட்டிசால் அந்த அளவுக்கு உயர்வதில்லை, பயப்படாதீர்கள்! மேலும், மன இறுக்கத்தில் எல்லோரும் அதிகம் உண்பதும் இல்லை. சிலருக்குச் சோறே இறங்காது. ஆனால் கவலை தூக்கத்தைக் கெடுப்பதும், கெட்ட தூக்கம் கவலையை வளர்ப்பதும் ஒரு செக்குமாட்டுச் சுற்று. எடையைப் பற்றிய கவலையும் அந்தச் சுற்றில் சேர்ந்துகொள்கிறது. 'குண்டு' என்று கேலி செய்யும் நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

'தெருவிளக்கின் அடியில் கண் விழித்துப் படித்துப் பெரிய மனிதரானவர்கள் இல்லையா?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருக்கிறார்கள். அவர்கள் இரவில் படித்தது பகலில் பிழைப்புக்காக உழைக்க வேண்டியிருந்ததால். தூக்கம் இல்லாததால் அவர்கள் உயர்ந்தார்கள் என்று கொள்வது தர்க்கப் பிழை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை உறங்கும் பிள்ளையைக் 'கும்பகர்ணன்' என்பதும் அத்தகையதே. பருவ வயதில் உடலின் உட்கடிகாரம் பின்னோக்கி நகர்கிறது. இருட்டை அறிவிக்கும் மெலட்டோனின் ஹார்மோன் சிறுவயதைக் காட்டிலும் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. பத்து மணிக்கும் தூக்கம் வராமல் புரள்வது சோம்பலால் அன்று. அப்படியிருக்க, விடியுமுன் தனிப்பயிற்சி, பள்ளி முடிந்து சிறப்பு வகுப்பு, அதற்குப் பின் வீட்டுப்பாடம் என்று நாளை இரு முனையிலும் இழுத்தால் நடுவில் கிழிவது தூக்கந்தான். இந்தப் பொறுப்பை மாணவர் தலையிலேயே கட்டுவதை நான் ஏற்கவில்லை.

அமெரிக்காவில் சியாட்டில் நகர உயர்நிலைப் பள்ளிகள் 2016-இல் தொடக்க நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றின. 'பிள்ளைகள் அவ்வளவு நேரமும் கூடுதலாக விழித்திருப்பார்கள்' என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. ஆனால் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தபோது, மாணவர்கள் இரவுக்கு 34 நிமிடம் கூடுதலாக உறங்கியது தெரிந்தது. நம் பள்ளிகள் பல ஒன்பது மணியை ஒட்டித்தான் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் நாம் திணிப்பவற்றைத்தான் எடுக்க வேண்டும். ஆறு மணித் தனிப்பயிற்சியைப் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேள்வி கேட்கட்டும்.

தூங்கினால் மட்டும் கொழுப்பு உருகிவிடும் என்று நான் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். உணவும் ஓட்டமும் விளையாட்டும் தம் இடத்தில் இருக்கத்தான் வேண்டும். உங்கள் எடை உண்மையிலேயே மிகுதியா என்பதையும் கண்ணாடியோ நண்பரோ தீர்மானிக்க முடியாது. உயரம், வயது, வளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரைப் பார்க்காமல் பட்டினி தொடங்காதீர்கள்.

அதுவரை ஒரு சோதனை செய்யலாம். செலவு ஒன்றுமில்லை, 40 பக்க நோட்டு ஒன்று போதும். இரண்டு வாரம் தினமும் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், மாலை ஐந்து மணிக்குப் பிறகு தின்றவை. முதல் வாரம் வழக்கம் போல இருங்கள். இரண்டாவது வாரம் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள். செல்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டை வேண்டுமென்றே மாற்றாதீர்கள். பிறகு இரு வாரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.