எட்டு, ஏழு, ஒன்பது: ஒரு பந்துக் கணக்கு

சங்க இதழில் கால்பந்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். திருக்குறள் வகுப்புக்கும் பொங்கல் விழாவுக்குமே பக்கம் போதாத இதழ் இது என்பதை நானும் அறிவேன். ஆனால் கேரள பிளாஸ்டர்ஸ் அணியும் சென்னையின் எஃப்.சி. அணியும் மோதும் நாளில், பாறசாலை முதல் ஒற்றசேகரமங்கலம் வரையுள்ள தமிழ் வீடுகளில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். தாத்தா ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரனை "பாண்டி" என்று கூப்பிடுகிறார்கள். அதே பையன் விடுமுறைக்குச் சென்னையில் அத்தை வீட்டுக்குப் போனால் அங்கே அவன் "மலையாளத்தான்". பந்து உருளும் இரண்டு மணி நேரத்தில், எல்லையோரத் தமிழனை நோக்கி எழும் பழைய கேள்வி மறுபடியும் எழுகிறது: "நீ எந்தப் பக்கம்?"

சங்கத்துப் பெரியவர்கள் சிலர் இதற்கு உடனே விடை சொல்லிவிடுகிறார்கள். தமிழன் என்றால் சென்னை அணிக்குத்தான் கைதட்ட வேண்டுமாம். இந்த விடையில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை உணர்ச்சியாகச் சொல்லாமல் கணக்காகவே சொல்லிப் பார்க்கிறேன்.

இவ்விரு அணிகளும் ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கிய 2014 முதல் 2024-25 பருவம் முடிய, அந்தப் போட்டியில் 24 முறை மோதியுள்ளன. கேரளத்துக்கு வெற்றி 8. சென்னைக்கு வெற்றி 7. வெற்றி தோல்வியின்றி முடிந்தவை 9. பத்திரிகைகள் இந்த மூன்று எண்களை ஒரு கட்டத்துக்குள் போட்டு, "யார் கை ஓங்கியது?" என்று தலைப்பும் கொடுக்கின்றன. வாசகரும் எட்டு ஏழைவிடப் பெரிது என்று முடிவு கட்டிவிடுகிறார்.

ரயில் பாதையின் சராசரி ஏற்றத்தைப் பார்த்து எஞ்சினுக்கு எவ்வளவு பாரம் மாட்டலாம் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. எந்த இடத்தில் ஏற்றம் மிகக் கடுமையோ அந்த இடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம். சராசரியை நம்பினால் வண்டி மேட்டில் நின்றுவிடும். அதே முறையில் இந்த 24 ஆட்டங்களையும் இடவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கொச்சி கலூர் அரங்கில் நடந்தவை 10. அவற்றில் கேரளம் வென்றது 5, சென்னை வென்றது 2, சமன் 3. சென்னை அரங்கில் நடந்தவையும் 10. அங்கே சென்னை வென்றது 5, கேரளம் வென்றது 1, சமன் 4. மீதி நான்கும் கொரோனா காலத்தில், 2020-21, 2021-22 பருவங்களில், பார்வையாளர் இல்லாமல் கோவாவில் நடந்தவை. அவற்றில் இரண்டு சமன், இரண்டு கேரளத்துக்கு வெற்றி. அந்த இரண்டுமே 3-0.

இப்போது கவனியுங்கள். சொந்த மண்ணில் அவரவர் சரியாக ஐந்து முறை வென்றிருக்கிறார்கள். ஆளில்லாத கோவா அரங்கை விட்டுவிட்டு, மக்கள் முன்னிலையில் நடந்த 20 ஆட்டங்களை மட்டும் எண்ணினால் சென்னை 7, கேரளம் 6 என்று ஏடு திரும்பிவிடுகிறது. ஆக எட்டா ஏழா என்ற கேள்விக்கு விடை, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. இரு மாநிலத்துப் பெருமையையும் இந்த ஓர் ஆட்ட வித்தியாசத்தின் மேல் கட்டுவது மணல்மேல் தண்டவாளம் போடுவது போலத்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2014 அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், டிசம்பர் 13 அன்று, கொச்சியில் கேரளம் 3-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்துச் சென்னையில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் சென்னை அணி அந்த மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்தது. கூடுதல் நேரத்தில், 117ஆம் நிமிடத்தில், ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்தார். மொத்தம் 4-3 என்று கேரளம் இறுதிக்குப் போனது. ஆனால் அன்றைய ஆட்டத்தின் முடிவு 3-1. ஏட்டில் அது சென்னையின் வெற்றி! அந்த இரவில் சென்னை ரசிகர்கள் அழுதார்கள், கேரள ரசிகர்கள் பட்டாசு வெடித்தார்கள். சென்னை பெற்ற ஏழு வெற்றிகளில் அந்த அழுகையும் ஒன்றாக எண்ணப்படுகிறது.

கோப்பைக் கணக்கு வேறு திசையில் போகிறது. சென்னை 2015இலும் 2017-18இலும் சாம்பியன் ஆனது. கேரளம் 2014, 2016, 2021-22 என மூன்று முறை இறுதிவரை சென்று மூன்று முறையும் தோற்றது. நேருக்கு நேர் முந்தியவரிடம் கோப்பை இல்லை. கோப்பை வைத்திருப்பவர் நேருக்கு நேர் பிந்தியவர். சென்னை மண்ணில் கேரளம் முதல்முறை வென்றதே 2025 ஜனவரி 30 அன்றுதான். அதற்கு முன் அங்கே ஆடிய ஒன்பது ஆட்டங்களில் ஐந்தில் தோல்வி, நான்கில் சமன். சென்னையும் சும்மா இருக்கவில்லை. 2020 பிப்ரவரி 1 அன்று கொச்சிக்கே வந்து 6-3 என்று அடித்துவிட்டுப் போனது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் சொல்லி மகிழ வேண்டிய ஆட்டங்கள் இவை.

கல்கத்தா காட்டும் பாடம்

நம் நாட்டில் இத்தகைய போட்டிக்கு மூத்த உதாரணம் கல்கத்தாவின் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால். முதல் லீக் ஆட்டம் 1925 மே 28 அன்று நடந்தது. ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. நூறு ஆண்டு ஓடிவிட்டது. 1947இல் கோடு கிழித்தபின் கிழக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் ஈஸ்ட் பெங்கால் கொடியின்கீழ் ஒதுங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் மோகன் பகான் பக்கம் நின்றார்கள். ஒரே மொழி, ஒரே எழுத்து. ஆனாலும் ஒருவர் வீட்டில் இல்சா மீன், மற்றவர் வீட்டில் இறால் என்று சாப்பாட்டிலும் பிரிவினை! 1997 ஜூலை 13 அன்று நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை சால்ட் லேக் அரங்கில் 1,31,781 பேர் பார்த்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது.

இந்தப் பெருமைக்கு மறுபக்கமும் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இதே இரு அணிகளின் ஆட்டத்தில் கலவரமும் நெரிசலும் மூண்டு 16 ரசிகர்கள் இறந்தார்கள். அந்தப் பதினாறு பேரும் வங்காளிகளின் பிள்ளைகள்தான். எந்த அணியின் வெற்றி எண்ணிக்கையிலும் அவர்கள் வரவில்லை. "நாங்கள் இத்தனை, நீங்கள் இத்தனை" என்ற எண் தலைக்கேறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நாளே சான்று.

அதே கல்கத்தா 2024 ஆகஸ்டில் வேறொன்றையும் காட்டியது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதால் ஊர் கொந்தளித்திருந்த வேளையில், பாதுகாப்புக் காரணம் சொல்லி டூரண்ட் கோப்பையில் இவ்விரு அணிகளும் மோதவிருந்த ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று இரு அணி ரசிகர்களும் அரங்குக்கு வெளியே தோளோடு தோள் நின்று நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடியையும் சேர்ந்தே வாங்கினார்கள். நூறு வருடம் எதிரெதிரே நின்றவர்களுக்கு ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்திருந்தது. நல்ல எதிராளி என்பவன் பாதி உறவினன் என்பது என் கருத்து.

நமக்கு அருகே நடந்ததையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் செல்லுமா என்ற தகராறில், கேரள அணி ஆட்டத்தை விட்டே வெளியேறியது. பின்னர் 4 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கோபம் நியாயமா அநியாயமா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் ஏட்டில் நிற்பது பெங்களூர் 1, கேரளம் 0 என்ற வரி மட்டுமே. களத்தை விட்டுப் போனவனுக்காக ஏடு தனி வரி எழுதுவதில்லை.

உண்மையான அண்டை அயல் எது?

பத்திரிகைகள் கேரளம் - சென்னை ஆட்டத்தைத் "தென்னிந்திய டெர்பி" என்கின்றன. டெர்பி என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் மோதுவது. கொச்சிக்கும் சென்னைக்கும் இடையே ரயிலில் ஓர் இரவுப் பயணம். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து கொச்சிக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னை எழுநூறுக்கும் மேல். நமக்கு இரண்டுமே தூரத்து ஊர்கள்தான். ஆனால் இங்கிருந்து தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. அதனால் அண்ணன் ஒரு மாநிலத்திலும் தம்பி ஒரு மாநிலத்திலும் ஆன குடும்பங்கள் இங்கே உண்டு. கல்யாணமும் கருமாதியும் எல்லை பார்த்து நடக்கவில்லை. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியபோதும், பாறசாலைக்கும் குழித்துறைக்கும் நடுவே தண்டவாளத்தின் அகலம் மாறவில்லை. இன்றும் கன்னியாகுமரி நிலையம் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கிறது.

பந்தும் அப்படித்தான். நம் தாலுக்காவின் கடலோரத்தில் உள்ள பொழியூர், சந்தோஷ் கோப்பைக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய ஊர். அதன் தோளை ஒட்டி எல்லைக்கு அப்பால் நீரோடி. இன்னும் கொஞ்சம் தெற்கே இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர். கடற்கரை மணலில் பந்துகளி இல்லாத மாலை இவ்வூர்களில் அரிது. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், 2019-20 பருவத்தில் சாம்பியனான கல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் ஆடியவர். அந்த இறுதியாட்டத்தில் ஏ.டி.கே. தோற்கடித்தது சென்னையின் எஃப்.சி.யைத்தான்! குமரி மாவட்டத்துக்காரர்கள் அன்று யாருக்குக் கைதட்டியிருக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லட்டும். கண்ணூர்க்காரரான சி.கே. வினீத், கேரள அணிக்காகச் சென்னைக்கு எதிராகக் கோல் அடித்தவர், 2019 ஜனவரியில் சென்னை அணிக்கே ஆடப் போனார். ஆட்டக்காரன் பிழைப்புக்காக எல்லை தாண்டுகிறான். ரசிகன் மட்டும் ஏன் எல்லையில் காவல் நிற்க வேண்டும்?

கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது 1973 டிசம்பர் 27 அன்று, எறணாகுளத்தில். எதிரணி ரயில்வே. முடிவு 3-2. கேரளத்தின் மூன்று கோலையும் அடித்தவர் அணித்தலைவர் டி.கே.எஸ். மணி. பயிற்சியாளர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ். ரயில்வே சோறு தின்ற என்னைப் போன்றவர்களுக்கு அது தோல்விதான். ஆனாலும் இங்கே வாழ்கிறவன் என்ற முறையில் அந்த வெற்றியில் பங்கு கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு கொடிதான் இருக்க வேண்டும் என்று எந்த ஆட்ட விதியிலும் எழுதவில்லை.

செய்ய வேண்டியது

ஆகவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் வீட்டுப் பிள்ளைகள் எந்த அணியை ஆதரித்தாலும் அதை மொழிப் பற்றின் தேர்வாக ஆக்க வேண்டாம். மஞ்சள் சட்டை போட்ட பையன் தமிழை மறந்துவிடப் போவதில்லை. நீலச் சட்டை போட்டவனுக்குத் தமிழ் தானாக வந்துவிடப் போவதும் இல்லை. தமிழ் வேண்டுமானால் ஞாயிறு வகுப்புக்கு அனுப்புங்கள். அதை விளையாட்டு அரங்கில் தேட வேண்டாம். "பாண்டி" என்று கேலி செய்யும் பையனுக்கு நம் பிள்ளை கோபப்படாமல் இந்த எட்டு, ஏழு, ஒன்பதை விளக்கத் தெரிந்தால் அதுவே போதும்.

இரண்டாவது, ஊர்க்கணக்கு ஏடு ஒன்று வேண்டும். கொச்சிக்கும் சென்னைக்கும் எண்ணிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நம் வட்டாரத்தில், அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் ஊருக்கு ஊர் நடந்த ஆட்டங்களுக்கு ஏடு இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர் அணிகள் எத்தனை முறை மோதின, யார் வென்றார்கள் என்று டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். இருவருமே தாங்கள்தான் அதிகம் வென்றோம் என்பார்கள். கோல் போஸ்ட் நட்டவர்களும் விசில் ஊதியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வயல்கள் ரப்பர் தோட்டமாகவும் வீட்டு மனையாகவும் ஆகிவிட்டன. இன்னும் பத்து ஆண்டு கழித்துக் கேட்க ஆள் இருக்காது.

இதற்குப் பெரிய செலவில்லை. நூறு பக்க நோட்டு ஒன்று போதும். நாள், இடம், அணிகள், கோல், டை-பிரேக்கர் என்றால் அதன் விவரம், பாதியில் நின்ற ஆட்டம் என்றால் நின்ற காரணம். ஒவ்வொரு வரிக்கும் இரு ஊரிலிருந்தும் ஒவ்வொருவர் கையெழுத்திட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களும் அதில் வர வேண்டும். மலையாளிகள், தமிழர்கள் என்ற பாகுபாடும் கூடாது. ஒரே வரியில் இரண்டு கையெழுத்து விழுந்தால் அந்தக் கணக்கு இரண்டு ஊருக்கும் சொந்தம். பிறகு அதை வைத்துச் சண்டை போடுவது அவ்வளவு எளிதல்ல.

நோட்டு வாங்கித் தர நான் தயார். எழுத இளைஞர்கள் இருவர் முன்வந்தால், அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.