வீட்டுக்கு வாரிசு உண்டு, குரலுக்கு? மறைந்த கலைஞர்களை ஏஐ-யில் கொண்டுவர யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

2024 ஜனவரி கடைசியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டு வந்தபோது, ஹெட்போனில் கேட்டவர்கள் பலர் ஒரு கணம் நிறுத்தி மறுபடி கேட்டார்கள். பம்பா பாக்யா குரல். 2022 செப்டம்பரில் இறந்துபோனவர். கூடவே இன்னொரு குரல், சாகுல் ஹமீது. 'திருடா திருடா', 'காதலன்' காலத்து ரஹ்மான் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மறக்க முடியாத குரல் அது. 90-களின் இறுதியிலேயே விபத்தில் போய்விட்டார்.

இரண்டு குரல்களும் ஏஐ மூலம் உருவாக்கப்பட்டவை. விவாதம் கிளம்பியதும் ஏ.ஆர்.ரஹ்மானே பதில் சொன்னார்: இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கினோம், உரிய ஊதியமும் கொடுத்தோம். பெரும்பாலானோருக்கு அதோடு மேட்டர் முடிந்தது.

ஆனால் ஒரு சின்ன கேள்வி மிச்சம் இருக்கு. ரஹ்மான் அனுமதி கேட்காமலே செய்திருந்தால், இந்தியாவில் எந்தச் சட்டம் தடுத்திருக்கும்? நேரடியான பதில்: இதற்கென்று ஒரு சட்டமே இல்லை.

கேட்டவர்களும் கேட்காதவர்களும்

'லால் சலாம்' பாட்டு வந்த அதே மாதத்தில் இன்னொரு விஷயமும் நடந்தது. 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் குரலை ஏஐ-யில் உருவாக்கிப் பயன்படுத்தியதாகச் சொல்லி, படக்குழுவுக்கும் இசையமைப்பாளருக்கும் எஸ்.பி.சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பத்துக்கு நாங்கள் எதிரி இல்லை, ஆனால் எங்களுக்குத் தெரியாமலே அப்பா குரலை எடுத்ததுதான் வருத்தம் என்பது குடும்பத்தின் நிலைப்பாடு. மன்னிப்பும் இழப்பீடும் கேட்டார்கள்.

அடுத்து 'தி கோட்'. 2023 டிசம்பர் 28-ல் மறைந்த விஜயகாந்த், 2024 செப்டம்பரில் வந்த இந்தப் படத்தின் ஆரம்பத்தில் திரையில் தோன்றினார். தியேட்டரில் விசில் பறந்தது. படம் வருவதற்கு முன்பே, ஜூலையில், பிரேமலதா ஓர் அறிக்கை விட்டிருந்தார்: எங்கள் முன் அனுமதி இல்லாமல் யாரும் கேப்டனை ஏஐ மூலம் படங்களில் பயன்படுத்தக் கூடாது. அதே படத்தில் யுவன் சங்கர் ராஜா, 2024 ஜனவரியில் இறந்த தன் அக்கா பவதாரிணியின் குரலை ஏஐ உதவியோடு ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அங்கே அனுமதி என்ற பேச்சே தேவைப்படவில்லை. கேட்க வேண்டியவரும் கொடுக்க வேண்டியவரும் ஒரே வீட்டில்.

இந்த எல்லா சம்பவங்களிலும் ஒன்று பொது. 'அனுமதி' என்று நாம் சொல்வது குடும்பத்தின் அனுமதியைத்தான். சம்பந்தப்பட்ட கலைஞர் என்ன நினைத்திருப்பார் என்பது எதிலும் பதிவாகவில்லை. பாவம், அவர்கள் உயிரோடு இருந்தபோது இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை.

இது புதுசா என்ன?

முழுக்கப் புதுசு இல்லை. 2009-ல் இறந்த நாகேஷ், 2014-ல் வந்த 'கோச்சடையான்' படத்தில் டிஜிட்டல் உருவமாக வந்தார். 'இந்தியன் 2'-வில் விவேக் இருந்தார். அவர் இறந்தது 2021-ல், படம் வந்தது 2024-ல். காட்சிகளை அவரே நடித்துக் கொடுத்திருந்தார்; குரலை மட்டும் ஒரு மிமிக்ரி கலைஞர் கொடுத்தார். 'மார்க் ஆண்டனி'யில் சில்க் ஸ்மிதாவைக் காட்டினார்களே, அங்கே அவரைப் போன்ற தோற்றம் கொண்ட ஒரு நடிகை நடித்தார்.

இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட முடியாது. விவேக் அந்தப் படத்துக்குச் சம்மதித்து, கேமரா முன் நின்று, வசனம் பேசியவர். மீதி வேலையை மற்றவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். நாகேஷ் அப்படி ஒரு கதையைக் கேட்டதுகூட இல்லை. 'திருவிளையாடல்' தருமியை இன்றைக்கும் நாம் மீம் போடுகிறோம் என்றால், அந்த உடம்பு எங்கே வளையும், குரல் எந்த இடத்தில் உடையும் என்று அந்த நொடியில் நாகேஷ் எடுத்த முடிவுகள்தான் காரணம். டிஜிட்டல் நாகேஷிடம் முகம் இருக்கும். அந்த முடிவுகளை வேறு யாரோ எடுத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்குது: ஒரு நடிகரின் பழைய நடிப்பைத் திரும்பக் காட்டுவது வேறு, அவர் நடிக்காத ஒன்றை அவர் பெயரில் நடிக்கவைப்பது வேறு.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

நம் சட்டத்துக்கு நடிகரைக் கண்ணில் படவே ரொம்ப காலம் ஆச்சு. 1970-களின் இறுதியில் தேவ் ஆனந்த் ஒரு பட நிறுவனத்தோடு மோதிய வழக்கில், நடிப்பு என்பது காப்புரிமைச் சட்டத்தில் வரும் 'படைப்பு' இல்லை என்று பாம்பே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கதை எழுதியவருக்கு உரிமை, இசையமைத்தவருக்கு உரிமை, தயாரிப்பாளருக்கு உரிமை. திரையில் தெரிகிற ஆளுக்கு இல்லை. 1994-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் 'நிகழ்த்துநர் உரிமை' என்ற ஒன்று உள்ளே வந்தது. 2012 திருத்தம் அதை இன்னும் பலப்படுத்தியது. தன் நடிப்பைத் திரித்துக் கெடுத்தால் எதிர்க்கும் உரிமையும் சேர்ந்தது. இந்த உரிமை பொதுவாக 50 ஆண்டுகள் இருக்கும்.

கேட்க நல்லா இருக்கு. ஆனால் இது காப்பாற்றுவது ஏற்கெனவே நிகழ்த்திய ஒரு குறிப்பிட்ட நடிப்பை, ஒரு குறிப்பிட்ட பாடலை. ஏஐ பழைய பாட்டை அப்படியே நகல் எடுப்பதில்லை. பல பாட்டுகளைக் கேட்டுக் குரலைக் கற்றுக்கொண்டு, அவர் பாடாத புதுப் பாட்டைப் பாடுகிறது. குரலுக்கோ முகத்துக்கோ காப்புரிமை கிடையாது. சட்டத்தின் வலை பெரிய கண் வலை. இந்த மீன் அதில் மாட்டாது.

உயிரோடு இருப்பவர்களுக்கு வேறொரு வழி இருக்கு. ஆங்கிலத்தில் 'பர்சனாலிட்டி ரைட்ஸ்' என்பார்கள், ஆளுமை உரிமை. தனிச் சட்டம் கிடையாது, நீதிமன்றங்கள் தீர்ப்புகள் மூலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. 2015-ல் ரஜினிகாந்த் தன் பெயரை ஓர் இந்திப் படத் தலைப்பில் பயன்படுத்தியதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போய் ஜெயித்தார். 2023-ல் அனில் கபூர் டெல்லியில் தடை வாங்கினார். 2024-ல் பாடகர் அரிஜித் சிங், ஏஐ குரல் நகல்களுக்கு எதிராகவே பாம்பே உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு பெற்றார்.

எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள் என்பதைக் கவனிச்சீங்களா?

இறந்தவர்களுக்கு வந்தால் கதை மாறுகிறது. 'தலைவி' படத்துக்கு எதிராக ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கை 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடும், சொத்து மாதிரி வாரிசுக்குப் போகாது என்பது தீர்ப்பின் சாரம். இதே தீபாவையும் அவர் சகோதரர் தீபக்கையும் ஜெயலலிதாவின் சட்டப்பூர்வ வாரிசுகளாக 2020-ல் அறிவித்ததும் இதே நீதிமன்றம்தான். 2021 டிசம்பரில் போயஸ் கார்டன் வேதா நிலையம் வீட்டுச் சாவி அவர்கள் கைக்கு வந்தது. வீட்டுக்கு வாரிசு, அந்த வீட்டில் வாழ்ந்தவரின் வாழ்க்கைக்கு இல்லை.

2024 பிப்ரவரியில், ஜெயலலிதா பிறந்தநாளன்று, அ.தி.மு.க. அவருடைய குரலில் ஏஐ ஆடியோ ஒன்றை வெளியிட்டது. தி.மு.க. மேடைகளிலும் கலைஞர் கருணாநிதி ஏஐ உருவமாக வந்து பேசியிருக்கிறார். ஆக, குரலைப் பேசவைத்தது குடும்பம்கூட இல்லை, கட்சி.

2023-ல் டெல்லி உயர் நீதிமன்றமும், சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் அப்பா தொடர்ந்த வழக்கில், கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது: ஆளுமை உரிமை, விளம்பர உரிமை எல்லாம் அவர் இறப்போடு முடிந்தன.

நீதிமன்றம் தப்பு பண்ணிடுச்சா?

அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு வழக்குகளும் வாழ்க்கைக் கதைப் படங்கள் பற்றியவை. வாரிசுகளுக்குத் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால், எந்த நடிகரைப் பற்றியும் நேர்மையான ஒரு படமோ புத்தகமோ வராது. 'நடிகையர் திலகம்' வந்தபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்க. சாவித்திரியின் மகள் படத்துக்கு ஆதரவாக இருந்தார். ஜெமினி கணேசனின் இன்னொரு மகள், அப்பாவைத் தவறாகக் காட்டியிருக்கிறார்கள் என்று வெளிப்படையாகக் கோபப்பட்டார். இரண்டு பக்கமும் குடும்பம்தான். 'குடும்பத்தின் அனுமதி' என்று ஒருமையில் சொல்கிறோம். குடும்பம் ஒருமையில் இருப்பதில்லை.

ஆனால் சாவித்திரியாக கீர்த்தி சுரேஷ் நடிப்பதும், சாவித்திரியின் முகத்தையே எடுத்துப் புதுசாக ஒரு காட்சி செய்வதும் ஒன்றா? முதலாவதில், இது கீர்த்தி சுரேஷ் என்று நமக்குத் தெரியும். இரண்டாவதில் தெரியாது. இந்த வித்தியாசத்தை மேலே சொன்ன தீர்ப்புகள் அலசவில்லை. அவற்றின் முன்னால் இருந்த கேள்வியே வேறு.

வெளிநாட்டில் எப்படி?

கலிஃபோர்னியாவில் இறந்தவரின் பெயர், குரல், முகம் மீதான உரிமை 70 ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கும். 2024 செப்டம்பரில் போட்ட புதுச் சட்டம், மறைந்த கலைஞரின் டிஜிட்டல் நகலுக்கு அவர் சார்பில் உரிமை வைத்திருப்பவர்களின் சம்மதம் வேண்டும் என்கிறது. செய்தி, ஆவணப்படம், நையாண்டிக்கு விலக்கு உண்டு. அதாவது நம் நீதிமன்றங்கள் கவலைப்பட்ட கருத்துச் சுதந்திரத்துக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பூட்டியிருக்கிறார்கள்.

இதிலும் எனக்குப் பிடித்த உதாரணம் சட்டம் இல்லை, ஒரு மனிதர். ராபின் வில்லியம்ஸ். 2014-ல் இறந்த அவர், தன் உருவத்தையும் பெயரையும் 25 ஆண்டுகளுக்கு வணிகத்தில் பயன்படுத்தக் கூடாது என்று முன்பே எழுதிவைத்திருந்தார். 2039 வரை. குடும்பம் ஊகிக்க வேண்டியதே இல்லை, அவரே சொல்லிவிட்டார். அப்படியும் 2025 அக்டோபரில் அவர் மகள் ஜெல்டா, அப்பாவின் ஏஐ வீடியோக்களை எனக்கு அனுப்புவதை நிறுத்துங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. விளம்பர நிறுவனத்தை ஒரு காகிதம் தடுக்கும். ரசிகரின் போனைத் தடுக்காது.

பெரிய பெயர் இல்லாதவர்கள்?

எஸ்.பி.பி.க்கு சரண் இருக்கிறார். கேப்டனுக்கு ஒரு கட்சியே இருக்கிறது. நோட்டீஸ் விட ஆள் இல்லாத கலைஞர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். சில்க் ஸ்மிதா இறந்தபோது வயது 35. வாழும்போதே அவருடைய பிம்பத்தை மற்றவர்கள்தான் தீர்மானித்தார்கள்.

இன்னும் சிக்கலானது டப்பிங். 80-களின் மோகனை நினைத்துக்கொள்ளுங்கள். 'மோகன் குரல்' என்று நீங்கள் நினைப்பது அந்தக் காலப் படங்களில் பெரும்பாலும் எஸ்.என்.சுரேந்தருடையது. மைக் பிடித்து மோகன் பாடும்போது பல பாட்டுகளில் கேட்பது எஸ்.பி.பி. ஒரு திரை உருவம், மூன்று கலைஞர்கள். நாளைக்கு அந்த மோகனை ஏஐ-யில் உருவாக்கினால் யாரிடம் கேட்க வேண்டும், யாருக்குப் பணம் போக வேண்டும்?

ஹாலிவுட்டில் 2023-ல் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஏஐ ஒரு முக்கியக் காரணம். துணை நடிகர்களை ஒருநாள் சம்பளத்துக்கு ஸ்கேன் செய்து எப்போதைக்குமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று சங்கம் குற்றம் சாட்டியது, ஸ்டுடியோக்கள் மறுத்தன. கடைசியில் வந்த ஒப்பந்தத்தில் ஓர் அம்சம் இருக்கு: இறந்த நடிகரின் நகலைப் பயன்படுத்த அவருடைய பிரதிநிதியிடம் சம்மதம் வாங்க வேண்டும், அப்படி யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் சங்கத்திடம் வாங்க வேண்டும். கேட்க ஆளே இல்லாத நடிகருக்கும் கேட்க ஓர் இடம்.

நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது மலேசியா, சிங்கப்பூர் என்று கலைநிகழ்ச்சி நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தவர் விஜயகாந்த். ஷூட்டிங்கில் லைட்மேனுக்கும் தனக்கும் ஒரே சாப்பாடு என்று வைத்தவர். அவர் முகத்தை ஏஐ-யில் கொண்டுவருவது பற்றி அவ்வளவு பேசிய நாம், அவர் படங்களில் பின்னால் நின்ற துணை நடிகர்களின் முகத்தைப் பற்றி இன்னும் பேசவே ஆரம்பிக்கலை.