பஞ்சத்தைப் பாடிய முன்சீப்

சங்கீதத்துக்கும் அரிசி விலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் ரஸிகர்கள் பலர் உண்டு. கவலையை மறக்கத்தானே கச்சேரிக்கு வருகிறோம், அங்கேயும் பசி, பஞ்சம் என்று பிரலாபிக்க வேண்டுமா என்பது அவர்கள் கட்சி. அன்னாருக்கு நாம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைச் சிபாரிசு செய்கிறோம்.

"பிரதாப முதலியார் சரித்திரம்" எழுதியவர் என்ற முறையில் பிள்ளையவர்களைத் தமிழர் அறிவர். அவர் கீர்த்தனங்களும் இயற்றினார் என்பதை அறிந்தவர் குறைவு. அறிந்தவர்களும் மேடையில் வழங்கும் இரண்டொரு உருப்படிகளோடு திருப்தியடைந்து விடுகிறார்கள். 1878-ல் வெளிவந்தது "சர்வ சமய சமரசக் கீர்த்தனை." பிள்ளை கத்தோலிக்கர், ஆயினும் எச்சமயத்தாரும் தத்தம் தெய்வத்தை எண்ணிப் பாடும்படி எழுதினார். அந்தக் கீர்த்தனங்களிடையே பஞ்சப் பாடல்களும் இருக்கின்றன.

தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிற்று. மாண்டவர் பல லட்சம். 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் துரை, நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் சிறிது சில்லறையும் போதும் என்று திட்டம் செய்தார். அது உயிர் தரிக்கப் போதாது என்று சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். சர்க்கார் தஸ்தாவேஜுகளில் பசி இவ்வாறு ராத்தல் கணக்காயிற்று. மாயூரத்திலோ அது பாட்டாயிற்று.

அண்மையில் ஒரு நண்பர் இல்லத்தில், தம்பூரா ஒன்றே துணையாக, இப்பஞ்சக் கீர்த்தனங்களில் ஒன்றை ஓர் அம்மையார் பாடக் கேட்டோம். எளிய சொற்கள். பல்லவி முதன்முறை வந்தபோது, வழக்கமான பக்திப் பாட்டு என்றே தோன்றிற்று. ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் அதே வேண்டுகோள் திரும்பி வரவர, நம் உள்ளம் நடுங்கலாயிற்று. பசியும் இப்படித்தானே! ஒருமுறை கேட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறதா? இந்த இடத்தில் பிருகாக்களைப் பொழிந்திருந்தால் பாட்டு மாண்டிருக்கும். அம்மையார் பல்லவியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, சற்றே தணிந்த குரலில் பாடினார். அதுவே வித்வத்து என்போம்.

ஆயினும் நம் மனத்தில் ஒரு கேள்வி உறுத்தியது. சட்டம் அறிந்த நீதிபதி, மனுவை ஆண்டவனிடம் கொடுப்பானேன்? மனிதர் செய்ய வேண்டியதை ஆண்டவன் தலையில் சுமத்துவது நியாயமா? இதற்குப் பிள்ளையவர்களின் வாழ்க்கை பதில் சொல்கிறது. அவர் பாடியதோடு நிற்கவில்லை. கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டி வைத்தார். "நந்தனார் சரித்திரக் கீர்த்தனை" இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைக் கண்டு உருகி அவர் மீது ஒரு கீர்த்தனம் பாடினார். தெய்வத்தைப் பாடிய வாய் ஒரு மனிதரைப் பாடியதென்றால், கஞ்சியின் பெருமை விளங்கவில்லையா?

பசியைப் பாடினால் சங்கீதத்தின் அழகு குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அன்று கேட்டதில் சுருதியும் குறையவில்லை, பாவமும் குறையவில்லை. நம் பசியின்மைதான் சற்று வெட்கமுற்றது. கச்சேரி தோறும் பஞ்சம் பாடுங்கள் என்று வித்வான்களை நாம் கேட்கவில்லை. கடைசியில் பாடும் துக்கடாக்களுள் வருஷத்துக்கு ஒருமுறையேனும் இவற்றில் ஒன்றுக்கு இடம் தாருங்கள். ரஸிகர்களும் அந்த ஐந்து நிமிஷம் எழுந்து போகாதிருப்பார்களாக!