சைக்கிளில் புதுச்சேரிக்கு!

“கல்லூரியில் படிக்கும் என் பெண், மூன்று சிநேகிதிகளோடு சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சைக்கிளிலேயே போகப் போகிறாளாம். அவள் அப்பா, ‘போய்விட்டுத்தான் வரட்டுமே!’ என்கிறார். பாட்டியோ, அவள் போனால் திரும்பி வருகிற வரையில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டேன் என்கிறார். நடுவில் அகப்பட்டுக்கொண்டு நான் விழிக்கிறேன். என்ன சொல்லட்டும்?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

‘போகட்டும்’ என்றோ ‘கூடாது’ என்றோ ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். ஆனால், வாசகிகளே, அந்தப் பெண் எந்த மாதிரிச் சைக்கிளில் போகிறாள், என்ன உடுத்திக்கொண்டு போகிறாள், வழியில் எத்தனை தண்ணீர் குடிப்பாள் என்பதெல்லாம் தெரியாமல் சொல்லுகிற பதில் ஒரு பதிலா? பாட்டியின் பயத்தை நான் பரிகாசம் செய்யமாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கிற பறப்பைப் பார்த்தவர்கள் யாரும் செய்யமாட்டார்கள். பாட்டி “வேண்டாம்” என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது சாலை. பெண் “போவேன்” என்று சொல்லும்போது அவள் மனத்தில் இருப்பது கடல். தாயாராகிய நீங்கள் கவனிக்க வேண்டியது சைக்கிள்!

‘பெண்பிள்ளைகள் இதெல்லாம் செய்வதுண்டா?’ என்று பாட்டி கேட்டால், பதில் சொல்வது சுலபம். 1894-ஆம் வருஷம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலிருந்து, மூன்று குழந்தைகளுக்குத் தாயான ஆனி லண்டன்டெரி என்ற பெண்மணி உலகத்தைச் சுற்றி வருவதாகச் சைக்கிள் ஏறிக் கிளம்பினார். (பெரும் பகுதியைக் கப்பலில்தான் கடந்தார் என்று வம்பு பேசுகிறவர்களும் உண்டு. சமுத்திரத்தின் மேல் சைக்கிள் விட முடியுமா, என்ன?) கிளம்பும்போது அவர் சைக்கிளின் எடை 42 பவுண்டு, அதாவது 19 கிலோ. உடுத்தியிருந்ததோ தரை புரளும் பாவாடை. சிகாகோ போய்ச் சேருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அங்கே 21 பவுண்டு எடையுள்ள ஆண்கள் சைக்கிள் ஒன்றுக்கு மாறினார். பாவாடைக்கும் விடை கொடுத்துவிட்டுக் காற்சட்டை போட்டுக்கொண்டார். மறு வருஷம் பிரயாணத்தை முடித்தும் விட்டார். சைக்கிளும் உடுப்பும் சரியாக அமைந்தால் பாதி வழி போன மாதிரிதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டை ஜில்லாவில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பி இருந்தால் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளச் சௌகரியம் என்று, அதையே விரும்பியவர்களும் உண்டு. பாட்டிக்கு இதைச் சொல்லுங்கள். அமெரிக்காக் கதையைவிட இது பலிக்கும்.

இனி, சைக்கிளுக்கு வருவோம்.

கடையில் பளபளப்பாக நிற்கிறதே என்று எதையாவது வாங்கிவிடாதீர்கள். கால்களை இரு பக்கமும் வைத்துச் சைக்கிளின் மேல் நின்றால், குறுக்குக் கம்பிக்கும் தேகத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். பந்தய சைக்கிளின் டயர் ஒல்லி. அது நம் சாலைகளுக்கு லாயக்கில்லை. கரடுமுரடான மலைப் பாதைக்கென்று தடித்த டயரும் ஸ்பிரிங்கும் வைத்துச் செய்த சைக்கிளை மிதித்தால், கடற்கரைச் சாலையில் கால்தான் ஓயும். இரண்டுக்கும் நடுத்தரமாக 32 முதல் 40 மில்லி மீட்டர் அகலமுள்ள டயரும், சில கியர்களும், பின்னால் கெட்டியான கேரியரும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கியர் எதற்கென்றால், வேகமாகப் போவதற்கல்ல. எதிர்க்காற்றிலும் பாலத்தின் மேட்டிலும் முழங்காலுக்குச் சிரமம் கொடுக்காமல் லேசாக மிதிப்பதற்கு. பலங்கொண்ட மட்டும் அழுத்தி மெதுவாக மிதிப்பதைவிட, இலகுவாகச் சற்று விரைந்து மிதிப்பதே நெடுந்தூரத்துக்கு நல்லது. 1963-இல் அயர்லாந்துப் பெண்மணி டெர்வ்லா மர்ஃபி சைக்கிளிலேயே தில்லி வரை வந்தார். வழியில் ரிப்பேர் செய்ய ஆள் கிடைக்காது என்று, கிளம்பும் முன்பே கியர்களைக் கழற்றிப் போட்டுவிட்டார்! நம் சாலையில் அந்தப் பயம் இல்லை. உங்கள் பெண் கழற்ற வேண்டாம்.

ஸீட் விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். மெத்தை மாதிரி மெத்தென்று இருந்தால் சுகமாக இருக்கும் என்று தோன்றும். அரை மணி நேரம் அப்படித்தான் இருக்கும். அப்புறம் எலும்பு பஞ்சுக்குள் அமிழ்ந்துபோய், பாரமெல்லாம் மிருதுவான பாகங்களின் மேல் விழுந்து, மரத்துப் போகும். உட்காரும் எலும்புகளைத் தாங்குகிற அளவு அகலமும், ஓரளவு கெட்டித்தன்மையும் உள்ள ஸீட்டே நெடுவழிக்கு உகந்தது. பெண்களுக்கு அந்த எலும்புகள் பெரும்பாலும் சற்று அகன்றே இருப்பதால், ஆண்களுக்கென்று செய்த ஒடுங்கிய ஸீட் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் என்ன?

ஸீட்டின் உயரத்துக்குச் சுலபமான பரீட்சை ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். விழுந்துவிடுவோமோ என்று பயந்து ஸீட்டை மிகவும் இறக்கி வைத்துக்கொள்ளும் பெண்களுக்கு, இரண்டாம் நாளே முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். மிகவும் ஏற்றிவிட்டால் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும்.

சைக்கிள் விடுவதற்கென்றே உள்ளே பட்டை வைத்துத் தைத்த அரைக்கால் சட்டைகள் விற்கின்றன. அதன்மேல் தளர்வான சல்வாரோ காற்சட்டையோ போட்டுக்கொள்ளலாம். ஆனால், அதற்குள்ளே வேறு உள்ளாடை அணியக் கூடாது. தையல் உராய்ந்து புண்ணாகிவிடும். உராயும் இடங்களில் கிளம்பும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாஸலைனோ தடவிக்கொள்வது உத்தமம். தங்குமிடம் சேர்ந்ததும் முதல் காரியம் குளித்து, உலர்ந்த உடை மாற்றுவது. காப்பி அதற்கப்புறம்தான்.

துப்பட்டாவைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லப் போகிறேன். 1927-இல் பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரில், புகழ்பெற்ற நடனமணி இஸடோரா டங்கன், காரில் போகும்போது கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட சால்வை சக்கரத்தில் சுற்றிக்கொண்டு உயிரிழந்தார். நம் ஊரில் ஸ்கூட்டரிலும் சைக்கிளிலும் துப்பட்டா செய்யும் விபரீதமும் இதே ஜாதிதான். முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். காற்றில் முடிச்சு அவிழ எத்தனை நேரம் ஆகும்? பிரயாணத்தின்போது துப்பட்டாவே வேண்டாம். பைக்குள் இருக்கட்டும், கோவிலிலோ சாப்பாட்டுக் கடையிலோ எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வலது காலில் பாண்ட்டின் விளிம்பு செயினில் மாட்டாதபடி ஒரு பட்டை கட்டிக்கொள்வதும், சாமானைக் கட்டும் ரப்பர் கயிற்றின் நுனி சக்கரக் கம்பிகளில் தொங்காதபடி சொருகுவதும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

ஹெல்மெட் பின்னால் சாய்ந்து நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில், மட்டமாக உட்கார வேண்டும். மோவாய்க்குக் கீழே உள்ள பட்டையில் ஒரு விரல் நுழைந்தால் சரி. உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. தாழ்வாக ஒற்றைப் பின்னல் போடச் சொல்லுங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி உபயோகிக்க வேண்டாம்.

சாமானை முதுகில் சுமந்தால் வியர்வையும் முதுகுவலியும் மிச்சம். கேரியரின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில், எடை சமமாக இருக்கும்படி வைக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஆளுக்கு ஆறு ஏழு கிலோ ஏராளம். அதில் ஒரு கையடக்கப் பம்பு, மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்பு, ஒட்டுப் போடும் சாமான், இவை கட்டாயம். நம் சாலையோரச் சீமைக் கருவேல முள் யாரையும் விடாது. பஞ்சரான டியூபை எடுத்ததும், டயரின் உட்புறத்தை விரலால் மெள்ளத் தடவிப் பார்க்க வேண்டும். முள் அங்கேயே ஒளிந்திருந்தால் புது டியூபும் அடுத்த நிமிஷமே போய்விடும். வீட்டு முற்றத்தில் இரண்டு தடவை டியூபைக் கழற்றி மாட்டிக் காட்டாத பெண்ணுக்கு அனுமதி கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. பெட்ரோல் பங்க்கில் காற்று கிடைக்கும். ஆனால், மோட்டார் கார் டியூபில் உள்ளது போன்ற வால்வு இருந்தால்தான் அது பயன்படும். பழைய மாதிரி ‘வால் டியூப்’ போட்ட சைக்கிளுக்குச் சைக்கிள் கடைப் பம்பே கதி.

சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று. வழியில் ஒதுங்க இடம் கிடைக்காதே என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறார்கள். வெயிலில் மிதிப்பவளுக்கு இதைவிட ஆபத்து வேறு இல்லை. நாக்கு வறளும் வரை காத்திராமல், மணிக்கு அரை லிட்டராவது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு. உப்புப் போட்ட நீர்மோர் அமிர்தம். இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மீறக் கூடாது. பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பிடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எந்தெந்த இடத்தில் நிற்பது என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு கிளம்பினால், தண்ணீர் குடிக்கப் பயமிராது. மாதாந்திர நாட்கள் குறுக்கிடும் என்று தோன்றினால், அதற்கு வேண்டியதை நனையாத உறையில் போட்டுக் கைக்கெட்டும் பையில் வைக்கட்டும்.

தலைவலி, கிறுகிறுப்பு, வெயிலிலேயே மயிர்க் கூச்செறிதல் என்று ஏதாவது தோன்றினால் அந்த க்ஷணமே நிழலில் உட்கார வேண்டியதுதான். பேச்சுக் குழறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, ஈரத் துணி போட்டு விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். “கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்” என்று இருந்துவிடக் கூடாது.

சாலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான். நாலு பேரும் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவதைத் தங்குமிடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்காக மணலும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் விளிம்பிலேயே ஒட்டிப் போகவும் வேண்டாம். ஒரு கை நீளம் உள்ளே வருவது நல்லது. நிற்கிற காரை ஒட்டிப் போனால், திடீரென்று கதவு திறக்கும். அங்கேயும் ஒரு கை நீளம். பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழக வேண்டும். முன் பிரேக்குக்கே பலம் அதிகம். அதை மட்டும் திடுக்கென்று பிடித்தால் ஆள் முன்னால் போய் விழுவாள். மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். இருட்டின பிறகு பிரயாணமே கூடாது.

எப்போது போவது? தை, மாசி மாதங்கள்தான். வெயில் தணிந்திருக்கும், வாடைக் காற்று முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ வந்து தள்ளிவிடும். சித்திரையில் கிளம்பினால் தெற்கத்திக் காற்று முகத்தில் அடிக்கும், வெயில் தலையில் அடிக்கும். சனி, ஞாயிறுகளில் காரோட்டிகளின் உற்சாகம் அதிகம். வார நாளாகப் பார்ப்பது மேல். மொத்தம் சுமார் 150 கிலோ மீட்டர். பலர் ஒரே நாளில் போகிறார்கள், அவர்கள் போகட்டும். முதல் நாள் மாமல்லபுரம், சுமார் 55 கிலோ மீட்டர். காலை ஆறேகாலுக்குக் கிளம்பினால், வழியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே போனாலும் பதினொன்றரைக்குள் சேர்ந்துவிடலாம். மறுநாள் மரக்காணம். உப்பளங்களைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மீதிக் கொஞ்ச தூரம். தங்கும் இடங்களை முன்னதாகவே பேசி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நாலு பெண்களுக்குச் சரிப்படாது.

அதற்கு முன் ஒத்திகை வேண்டாமா? இந்த வாரம் பத்து கிலோ மீட்டர், பிறகு இருபது, அப்புறம் நாற்பது என்று ஒன்றரை மாதம் பழகட்டும். கடைசி ஒத்திகைக்கு, பைகளில் சாமானை நிரப்பிக்கொண்டே போய் வரவேண்டும். பாரம் ஏற்றிய சைக்கிள் திருப்பத்திலும் பிரேக்கிலும் வேறு ஒரு சைக்கிளாகவே நடந்துகொள்ளும். கை மரத்துப் போகிறதா, ஸீட் உறுத்துகிறதா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். கை மரத்தால், ஹாண்டில் பாரில் பிடியை அடிக்கடி மாற்றிக்கொண்டு, மணிக்கட்டை மடிக்காமல் நேராக வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும்போது அதே வாடைக்காற்று எதிராக இருக்கும், சிறுமிகளும் களைத்திருப்பார்கள். சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்துகொண்டு ரயிலில் வந்துவிடலாம். ஸ்டேஷனில் முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொள்வதும், பேரும் விலாசமும் எழுதிய அட்டையைச் சைக்கிளில் இரண்டு இடத்தில் கட்டுவதும் அவசியம். பம்பையும் விளக்கையும் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.