படிக்கத்தான் அந்தக் கருவி, அழிக்க அல்ல

போன வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவர் கேட்டார். "சார், கார்ல மஞ்சளா என்ஜின் லைட் எரியுது. ஸ்கேனர் ஒண்ணு வாங்கிடலாம்னு பார்க்கிறேன். ஆன்லைன்ல நானூறு ரூபாய்க்கும் இருக்கு, நாற்பதாயிரத்துக்கும் இருக்கு. எதை வாங்கறது?"

ஓய்வூதியத்தில் வாழ்ந்துகொண்டு, ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது போன்ற சில்லறை வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளும் நம் வயதுக்காரர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அம்பாசடர், பியட் காலத்தில் காருக்கு வந்த நோயைக் காதால் கேட்டே சொல்லிவிடுவார்கள். ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் மெக்கானிக்குகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சுவதையே கணினி பார்த்துக்கொள்ளும் காலம் வந்ததும் அந்தக் காது மட்டும் போதவில்லை. கோளாறு என்றால் கணினி ஓர் எண்ணைத் தன் நினைவில் எழுதிவைத்துக்கொண்டு விளக்கைப் போடுகிறது. அந்த எண்ணைப் படிக்கும் முறைக்கு ஓபிடி என்று பெயர். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது. நம் நாட்டில் பிஎஸ்-4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராகக் குனிந்து பார்த்தால் பதினாறு துளைகள் உள்ள ஒரு சாக்கெட் தெரியும். கருவியைச் செருகும் இடம் அதுதான்.

கடைகளில் கிடைப்பவை மூன்று வகை.

முதல் வகை, தீப்பெட்டி அளவில் உள்ள புளூடூத் துண்டு. நான் பார்த்தபோது நானூறு, ஐந்நூறு ரூபாய். சாக்கெட்டில் செருகிவிட்டு, செல்போனில் ஒரு செயலி வழியாகப் பார்க்கவேண்டும். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வடிவமைத்த ஈஎல்எம் 327 என்ற சில்லுதான் இவற்றுக்கு மூலம். சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள். சில நன்றாகவே வேலை செய்யும். சில பழைய கார்களோடு பேசாது. போனோடு இணைப்பதற்குள் பொறுமை போய்விடும். மறந்துபோய் வாரக்கணக்கில் செருகியே விட்டுவிட்டால் பேட்டரி இறங்கவும் வாய்ப்புண்டு.

இரண்டாம் வகை, ஒயரோடு வரும் கையடக்கக் கருவி. அதற்கென்று சிறு திரையும் நாலைந்து பொத்தான்களும் இருக்கும். போன் வேண்டாம், பேட்டரி வேண்டாம். சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். எனக்கு இரண்டாயிரத்துக்குள் கிடைத்தது.

மூன்றாம் வகை, பட்டறைக்காரர்களுக்கானது. ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாவற்றையும் படிக்கும். பத்தாயிரத்தைத் தாண்டும். ஒரே ஒரு கார் வைத்திருக்கும் நமக்கு அது தேவையில்லை. ஏர்பேக்கில் கை வைப்பது வீட்டு வேலையும் அல்ல.

என் ஓட்டு இரண்டாம் வகைக்கே. வாங்குமுன் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓபிடி-2வின் ஐந்து புரோட்டோகால்களையும் படிக்குமா? 'ஃப்ரீஸ் ஃபிரேம்' காட்டுமா? 'லைவ் டேட்டா' உண்டா? கண்ணாடி போட்டுக்கொண்டு திரையில் உள்ள எழுத்தைப் படிக்க முடிகிறதா? கடைசிக் கேள்வியைச் சிரித்துத் தள்ளவேண்டாம். உங்கள் கார் 2013க்கு முந்தையது என்றால், முதலில் யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். சாக்கெட் இருந்தும் பேசாத கார்கள் உண்டு.

எதை வாங்குவது என்ற கதை இத்தோடு முடிந்தது. நான் சொல்லவந்த முக்கியமான விஷயம் வேறு. எல்லாக் கருவியிலும் 'எரேஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதுதான் ஆபத்தானது. பட்டவன் சொல்கிறேன்.

என்னுடையது 2014 மாடல் சிறிய பெட்ரோல் கார். கருவி வாங்கிய புதிதில் ஒருநாள் என்ஜின் லைட் எரிந்தது. செருகிப் பார்த்தேன். ஏதோ ஓர் எண் வந்தது. அதை எழுதிக்கூட வைக்காமல் எரேஸை அமுக்கினேன். விளக்கு அணைந்தது. வீட்டுக்குள் போய், "பட்டறைக்குப் போகாமலே சரி பண்ணிட்டேன்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பேத்தியை அழைத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். வெள்ளிமலை வழியாகப் பெரியார் அருவிக்குப் போவதாகத் திட்டம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடக்கும்வரை ஒன்றுமில்லை. மலையேற ஆரம்பித்துச் சில வளைவுகள் போனதும் வண்டி குலுங்கியது. இழுவை இல்லை. விளக்கு மறுபடி வந்தது. இந்தமுறை விட்டுவிட்டு எரிந்தது.

விளக்கு சும்மா எரிந்தால் நேரம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள். விட்டுவிட்டு எரிந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது என்று பொருள். அப்படிப் போகும் பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேடலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும். அது காரில் விலை கூடிய பாகங்களில் ஒன்று.

அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினேன். பின் சீட்டில் பேத்தி. மேலே ஏறவும் முடியாது. பக்கத்தில் பட்டறையும் கிடையாது. "ஏங்க, சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே?" என்று வீட்டுக்காரம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

கருவியைச் செருகினேன். பி0302. இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை. வண்டியைத் திருப்பி, தாழ்ந்த கியரில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் அணை வரைக்கும் இறக்கிக்கொண்டு வந்தேன். அங்கிருந்து நம் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கில் வந்தார்.

"முதல்ல எரிஞ்சப்ப என்ன நம்பர் சார் வந்துச்சு?"

"கவனிக்கலையேப்பா."

"ஃப்ரீஸ் ஃபிரேம் பார்த்தீங்களா?"

"அழிச்சிட்டேன்."

அவர் என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். திட்டவில்லை. "அழிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே சார்" என்றார்.

கோளாறு தெரிந்த அந்த நொடியில் என்ஜின் எத்தனை சுற்று, எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம், வண்டி என்ன வேகம் என்று கணினி எடுத்துவைக்கும் குறிப்புதான் ஃப்ரீஸ் ஃபிரேம். எண்ணை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். மருத்துவரிடம் போகுமுன் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டதுபோன்ற வேலையைத்தான் நான் செய்திருந்தேன்.

அடுத்து அவர் செய்த சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. என்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். சாவியை எடுத்துவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டினார். முதலாவதை இரண்டாவதில் மாட்டினார். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். எண் பி0301 என்று மாறியது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறியதால் குற்றவாளி காயில்தான். மாறாமல் இருந்திருந்தால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்த்திருக்கவேண்டும். ஒரே ஒரு காயில் மாற்றியதோடு வேலை முடிந்தது. அருவிக்கு அடுத்த மாதம் போனோம்.

அழிக்கக்கூடாது என்பது ஒன்று. எண்ணைப் பார்த்தவுடன் பாகம் வாங்க ஓடக்கூடாது என்பது இன்னொன்று. நண்பர் ஒருவர் காரில் பி0171 வந்தது. பெட்ரோலுக்கு மேல் காற்று அதிகம் என்று பொருள். ஆக்சிஜன் சென்சார்தான் இதைக் கண்டு சொல்கிறது. உடனே "சென்சார் போச்சு, மாத்துங்க" என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். லைவ் டேட்டாவில் 'ஃபியூயல் ட்ரிம்' பார்த்தோம். ஐடிலில் நின்றபோது ஏறியிருந்த அளவு, ஆக்சிலேட்டரைக் கொடுத்து 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் இறங்கியது. அப்படியென்றால் எங்கோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது. ஏர் ஃபில்ட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் மடிப்பில் வெடிப்பு இருந்தது. சென்சாரை மாற்றியிருந்தால், புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே போட்ட கதையாகியிருக்கும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவர் எண்ணை அழித்துவிட்டு விளக்கில்லாமல் காட்டமுடியும். கருவியில் 'ரெடினஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. அதில் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், அண்மையில் யாரோ அழித்திருக்கவேண்டும். அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கவேண்டும். இரண்டில் எது என்று கேளுங்கள்.

இப்போது காரில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். விளக்கு வந்தால் தேதி, கிலோமீட்டர், எண், ஃப்ரீஸ் ஃபிரேம் விவரம், அப்போது ஏற்றமா சமதளமா என்பது எல்லாம் அதில் ஏறும். பிறகு மெக்கானிக்குக்குப் போன். கருவி வந்ததால் அவருக்கு வேலை குறையவில்லை. தேடும் நேரம்தான் குறைந்தது; எனக்கு வீண் செலவு குறைந்தது. கோளாறைச் சரிசெய்து, நாலு நாள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எரேஸ் பொத்தானுக்கு வேலை.

நடைப் பயிற்சி நண்பர் நேற்றுக் கருவி வாங்கிவிட்டார். "செருகிட்டேன் சார், நம்பர் வருது, அடுத்து எதை அமுக்கணும்?" என்று போனில் கேட்டார். "ஒண்ணையும் அமுக்காதீங்க. முதல்ல பேனாவை எடுங்க" என்றேன்.